அரிசி மலிந்த சீமையில்

"ஊர் ஊராகப் போய் வருகிறீர்கள். கோபுரம் எத்தனை அடி, மலை எத்தனை அடி என்று அளந்து எழுதுகிறீர்கள். அந்த ஊரில் துவரம் பருப்பு என்ன விலை, குடியிருக்கிற வீட்டுக்கு என்ன வாடகை என்று ஒரு தடவையாவது விசாரித்துக்கொண்டு வந்ததுண்டா?"

சேலத்துக்குப் புறப்படும் சமயத்தில் என் மனைவி கேட்ட கேள்வி இது. சேலம் என்றதும் நண்பர்கள் எல்லாரும் மாம்பழம் வாங்கி வரச் சொன்னார்கள். மாம்பழத்துக்குப் பருவம் உண்டு. வாடகைக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது, மாதா மாதம் முதல் தேதி பழுத்துவிடும். ஆகையால் இந்தத் தடவை மாம்பழத்தை விட்டுவிட்டு வாடகையை விசாரிக்கலாம் என்று தீர்மானித்தேன்.

சேலம் ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி நாலா பக்கமும் பார்த்தால் மலைகளே காவல் நிற்கின்றன. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகு மலை, மேற்கே கஞ்சமலை. இவற்றுக்கு நடுவே கிடக்கும் சமவெளி பார்வைக்கு அழகானது; ஆனால் நெல்லுக்கு ஏற்ற பூமி என்று சொல்ல முடியாது. ஏரியும் கிணறும் உள்ள இடங்களில் கொஞ்சம் நெல் உண்டு. மற்றபடி சோளம், கேழ்வரகு, நிலக்கடலை, இந்தப் பக்கத்து ஜனங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி ஆகியவையே விளைச்சல். மேட்டூரில் 1934-ஆம் வருஷம் பிரம்மாண்டமான அணையைக் கட்டி முடித்தார்கள். அணை இருப்பது சேலம் ஜில்லாவில். அதன் தண்ணீரில் பெரும் பகுதி பாய்வது தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களுக்கு. பக்கத்து வீட்டு அடுப்பில் வேகிற சோற்றின் மணத்தை முகர்ந்துகொண்டு கேழ்வரகுக் களி சாப்பிடுவது போன்ற நிலைமை அது. அரிசிச் சோறு என்பது பண்டிகை நாளைக்கு என்று சொல்லும் கிழவர்கள் இன்றைக்கும் இந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள்.

பழைய கதை அதைவிட மோசமானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை மிகக் கடுமையாகத் தாக்கியது. 1871-இல் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். பத்து வருஷம் கழித்து எண்ணியபோது 15 லட்சத்து 99 ஆயிரம்தான் இருந்தது. பிறந்தவர்களையும் சேர்த்து எண்ணிய பிறகு வந்த கணக்கு இது! பஞ்சத்தின் நடுவே, 1877-இல், இந்திய சர்க்கார் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் பெரிய மனிதர் நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவுமே போதும் என்று கூலி விதித்தார். 'டெம்பிள் கூலி' என்று அது பெயரும் பெற்றது. கல்லுடைக்கிறவன் இதில் உயிர் வாழமுடியாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் போராட வேண்டியிருந்தது. ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். இந்த அளவை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அங்கே லீ பஜார் என்று மொத்த வியாபாரம் நடக்கும் இடம் இருக்கிறது. லாரிகளும் மூட்டைகளும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடமாடும் அந்த இடத்தில், வேடிக்கை பார்க்க வந்தவன் ஓரமாக நிற்பதே உத்தமம். ஓரமாக நின்ற எனக்கு ஒரு வியாபாரி தாமாகவே சமாசாரம் சொன்னார். "அரிசியைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். அது ரேஷன் கடைச் சமாசாரம். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், இதைக் கேளுங்கள்!"

அவர் சொன்னதில் எவ்வளவு சரித்திரம் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. அரிசிக்காக வரிசையில் நிற்பதே குடும்பத்தின் முதல் உத்தியோகமாயிற்று. சேலம் முனிசிபாலிடியின் தலைவராயிருந்த ராஜாஜி, 1952-இல் முதல் மந்திரியாக வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்ற வாக்கே ஒரு கட்சியை ஆட்சியில் ஏற்றியது. 2006-இல் கிலோ 2 ரூபாய். 2008-இல் 1 ரூபாய். 2011 ஜூன் முதல் விலையே கிடையாது. நான்கு பேர் உள்ள சாதாரண அரிசிக் கார்டுக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ இனாம். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் அதே கடையில் கிடைக்கின்றன.

இருபது கிலோவை முப்பது நாளுக்கும் நான்கு வயிற்றுக்கும் பங்கிட்டால் தலைக்கு நாள் ஒன்றுக்கு 166 கிராம் வருகிறது. டெம்பிள் துரையின் ராத்தலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அன்றைக்கு அது நாள் முழுவதும் கல்லுடைத்ததற்குக் கூலி. இன்றைக்கு இது எந்த வேலையும் கேட்காமல் கொடுப்பது. ஆகையால் இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் ரேஷன் அரிசி எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு அது உத்தரவாதம். மற்ற வேளைகளுக்கும், சோற்றின்மேல் ஊற்றிக்கொள்ளும் குழம்புக்கும் கையிலிருந்து காசு எடுக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை உழவர் சந்தையில் காலை ஏழு மணிக்குப் பெண்களின் பைகளைப் பார்த்தேன். (பிறர் பையைப் பார்ப்பது மரியாதையல்ல என்பது தெரியும், ஆனால் வீட்டிலிருந்து வந்த உத்தரவு!) கத்தரிக்காயும் கீரையும் எல்லாப் பைகளிலும் இருந்தன. 1999-இல் தொடங்கிய இந்தச் சந்தைகளில் விவசாயிகள் தரகரில்லாமல் விற்பதால் கடை விலையைவிடக் கொஞ்சம் சகாயம். தக்காளி விலை ஏறினால் அந்த வாரம் பையில் தக்காளி இருக்காது, அவ்வளவுதான். வயிறு இப்படி அனுசரித்துப் போகும். வாடகை அனுசரித்துப் போகாது.

சந்தையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடைத்தது. சேலத்து வெண்பட்டு வேஷ்டி பிரசித்தமானது. அதை நெய்கிறவர் வீட்டில், முன் அறை முழுவதையும் தறிதான் அடைத்துக்கொண்டிருந்தது. தறிக்கு அடியில் குழி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்தபடி வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் தார் சுற்றிக்கொண்டே பேசினார்.

"வாடகை எவ்வளவு அம்மா?" என்று கேட்டேன்.

"வாடகை இல்லைங்க. போக்கியத்துக்கு இருக்கிறோம்."

எனக்கு ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தது. போக்கியம் என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகையின்றி இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு!

"எவ்வளவு கொடுத்தீர்கள்?"

"ரெண்டு லட்சங்க. நகையை வைத்து ஒண்ணு, வெளியிலே ஒண்ணு."

"வெளியிலே என்றால்?"

"ரெண்டு ரூபாய் வட்டிக்குங்க."

நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். லட்சத்துக்கு இரண்டாயிரம். நகைக்கடனுக்கு வட்டி தனி. வாடகை இல்லாத அந்த வீட்டுக்கு வாடகை வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரரைத் தேடிப் போகாமல் வட்டிக்காரரைத் தேடிப் போயிற்று, அதுதான் வித்தியாசம்.

"இதைவிட மலிவாக, கொஞ்சம் தள்ளி, மாடியில் கிடைக்காதா?" என்று பட்டணத்துக்காரன் புத்தியில் கேட்டுவிட்டேன். தறியிலிருந்தவர் நாடாவை நிறுத்தினார்.

"மாடியிலே குழி எங்கே ஐயா தோண்டுவது?" என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. குழித்தறிக்காரனுக்கு வீடு என்பது படுக்கிற இடம் மட்டுமல்ல, அதுவே தொழிற்சாலை. தரைத்தளம் வேண்டும், மண் தரை வேண்டும், தறி நீளத்துக்கு அறை வேண்டும். நகரம் பெருகப் பெருக இப்படிப்பட்ட வீடுகளை இடித்து மாடி கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால், வற்றுகிற வரையில் வேலையுமில்லை, கூலியுமில்லை. 2019–20-இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இனாம் அரிசியை எடுத்துவிட்டு அந்தக் குடும்பங்களின் மாதக் கணக்கை எழுத எனக்குத் தைரியமில்லை.

சர்க்கார் கணக்கைப் படித்தால் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. 2022–23 செலவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் ஆள் மாதம் 7,630 ரூபாயும், கிராமங்களில் 5,310 ரூபாயும் செலவழித்ததாகக் கண்டிருக்கிறது. இந்தியக் கிராமங்களில் 1999–2000-இல் நூறு ரூபாயில் 59 ரூபாய் சாப்பாட்டுக்குப் போயிற்று. 2022–23-இல் 46 ரூபாய்தான். தானியத்துக்கு மட்டும் பார்த்தால் ஐந்து ரூபாய்கூட இல்லை. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அதே கணக்கில், நகரங்களில் வீட்டு வாடகைக்கு நூற்றுக்கு ஆறரை ரூபாய் என்று போட்டிருக்கிறது. ஆறரை ரூபாயா! எந்த ஊரில் என்று நான் திகைத்தேன். பிறகுதான் விளங்கிற்று. சொந்த வீட்டுக்காரரையும் குடிக்கூலிக்காரரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த தொகை அது. ஒரு காசு வாடகை கொடுக்காதவரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பவரும் அந்தச் சராசரியில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாப்பேட்டை அம்மாள் கட்டுகிற வட்டி அதில் வாடகை என்ற பெயரில் வரவே வராது.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ரயிலில் போனேன். 2013-இல் திறந்த பாதை இது. அதுவரை நாமக்கல் ரயிலைப் பார்த்ததில்லை. மல்லூர், ராசிபுரம் எல்லாம் கடந்து போகையில் கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கூடவே வருகிறது. இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடு. யுத்த காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943 வாக்கில், சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கு வடநாட்டார் விரத நாட்களில் சாப்பிடும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி இந்தச் சமவெளியில் செய்தது. பஞ்ச காலத்தில் ஏழைக்குக் கைகொடுத்த கிழங்கு, இப்போது லாரி ஏறிப் பட்டினி விரதக்காரர்களுக்குப் போய்ச் சேருகிறது.

நாமக்கல்லில் இறங்கியவன் ஆஞ்சநேயரைப் பார்க்காமல் வரலாமா? பதினெட்டு அடி உயரத்தில், கைகூப்பி, எதிரே நரசிம்மர் இருக்கும் குன்றைப் பார்த்து நிற்கிறார். அவருக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேரே திருமேனியில் விழுகின்றன. காரணமாகப் பல ஐதீகங்கள் சொல்லுகிறார்கள். அன்றைக்கு யாரோ பக்தர் 1008 வடை மாலை சாத்தியிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு யோசித்தேன். வடைக்குக் குறைவில்லை; கூரைக்குத்தான் வழியில்லை. இந்தச் சீமையின் நிலைமையை ஸ்வாமியே ஏற்றுக்கொண்டு நிற்கிறார் போலும்!

நாமக்கல் இப்போது முட்டைக்குப் பெயர் போனது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான ஊர் இது. இந்த வட்டாரப் பண்ணைகளில் தினம் உற்பத்தியாவது கோடிக்கணக்கான முட்டை. 1982-இல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையைத் தமிழ்நாடு முழுவதும் கவனிக்கிறார்கள். அதே 1982-இல்தான் ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது. 2010 முதல் பள்ளிக்கூட நாட்கள் ஐந்திலும் முட்டை. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் தொடங்கியது. தாய்மார்களுக்கு இதன் மதிப்பு சொல்லாமலே தெரியும்.

ஒரு பண்ணை வாசலில் வேலை முடிந்து வெளிவந்த பெண்மணி கையில் சிறிய பையை ஜாக்கிரதையாகப் பிடித்திருந்தார். கீறல் விழுந்த முட்டைகள். லாரியில் ஏற்ற முடியாதென்று மலிவாகக் கொடுத்தவை.

"குழந்தைகளுக்காங்க. பள்ளிக்கூடம் நடக்கிறப்போ வாங்கமாட்டேன். இப்போ லீவு" என்றார்.

நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் முட்டை பொறுக்கி அடுக்கும் கைகள் அவருடையவை. கோடை விடுமுறை வந்தால் அவர் வீட்டுக் கணக்கில் முட்டை ஒரு புதிய செலவு. சாதாரணக் குடும்பங்களுக்குச் சாப்பாடு கட்டுபடியாகிறதா என்று கேட்கிறவர்கள், பள்ளிக்கூட மாதத்தில் கேட்கிறோமா, மே மாதத்தில் கேட்கிறோமா என்று சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது.

வீட்டைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். கிராமத்தில் ஓலைக் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட சர்க்கார் பணம் தருவதாகச் சொன்னார். உண்மைதான். 'கலைஞரின் கனவு இல்லம்' என்ற திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று அறிவித்து, 2024–25-இல் தொடங்கி, 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு முதலில் சொந்தமாக மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். "எங்களுக்கு இடமே இல்லீங்களே!" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தச் சிரிப்பை நான் அந்தப் பிரயாணத்தில் பல இடங்களில் பார்த்தேன்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வழியாகப் பள்ளிபாளையத்துக்குப் பஸ். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில்தான் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்து, குடும்பத்தோடு குடிசையில் வந்து குடியேறினார். மழை பொய்த்த கிராமங்களின் பெண்களுக்கு ராட்டை மூலம் நாலு காசு கிடைக்கச் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. 1937 அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கை முதன்முதலாக இந்த ஜில்லாவில் அவர் கொண்டுவந்ததும், கூலிக்காரன் வீட்டு அடுப்பை நினைத்துத்தான். (இப்போது மதுக் கடைகளைச் சர்க்காரே நடத்துகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பஸ் பள்ளிபாளையம் போய்ச் சேராது.) மறு வருஷம், 1938-இல், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது, பழைய கடன்களில் நிலுவையிலிருந்த வட்டியை அது தள்ளுபடி செய்தது.

பள்ளிபாளையம் காவேரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. ஊருக்குள் நுழையுமுன்பே தறிச் சத்தம் காதில் விழுகிறது. கொட்டகை கொட்டகையாக விசைத்தறிகள். கொட்டகைகளை ஒட்டி 'லைன் வீடு'கள். ஒரே சுவரில் பத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குடும்பம். வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் வாங்கிய முன்பணம் தீராமல் கொட்டகையை விட்டுப் போக முடியாது. அந்த முன்பணத்தை அடைக்க வேறொரு முதலாளியிடம் அதைவிடப் பெரிய முன்பணம். அது போதாதபோது வாரத் தவணைக் கடன். தவணைக்காரர் வருகிற கிழமையை இந்தத் தெருக்களில் குழந்தைகள்கூடச் சொல்லும்.

2025 ஜூலையில் இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. கடனை அடைக்க வழியில்லாத விசைத்தறித் தொழிலாளர் சிலர், தரகர்கள் மூலம் தங்கள் சிறுநீரகத்தை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வெளியாயிற்று. சர்க்கார் விசாரணை நடத்தியது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தனிப் புலனாய்வுக் குழுவை நியமித்தது. உறுப்புகளை விலைக்கு விற்பதை 1994-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. கடன்காரர்களைப் பலவந்தமாக நெருக்கி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபை 2025-இல் ஒரு சட்டமும் செய்தது. சட்டங்களுக்குக் குறைவில்லை.

நான் யாரையும் இதைப் பற்றி விசாரிக்கவில்லை. விசாரிக்க வாய் வரவில்லை. லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் தாமாகவே சொன்னார்: "சோத்துக்காக யாரும் விக்கலைங்க. சோறு இருக்குது. கடனுக்குத்தான்." பிறகு, "உள்ளே வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க சாமி" என்றார். உள்ளே போனேன். அந்த ஓர் அறையில் ஐந்து பேருக்குப் பாய்கள் சுருட்டி வைத்திருந்தன. மூலையில் ரேஷன் அரிசிப் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மாதக் கடைசியிலும் அதில் கால் பாகம் அரிசி இருந்தது.

பாலத்தைக் கடந்து ஈரோட்டில் ரயிலைப் பிடித்தேன். வீடு திரும்பியதும், கேட்டபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ரேஷன் பருப்பு 30 ரூபாய், சந்தையில் கீரை சகாயம், கீறல் முட்டை மலிவு, போக்கியம் இரண்டு லட்சம், வட்டி நூற்றுக்கு இரண்டு. என் மனைவி பருப்பு விலையைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அந்தத் தறிக்கார அம்மாளுக்குப் போக்கியம் எப்போது முடிகிறது?" என்று கேட்டாள்.

"வருகிற வைகாசியில். அடுத்த வீட்டுக்கு மூன்று லட்சம் கேட்கிறார்களாம்."

"தரை வீடுதானே?"

"தரை வீடுதான்" என்றேன்.